அரைக்கிளட்ச் அண்ணியும் இடது முன் டயரும்

என் அண்ணிக்கு ஊர் வைத்த பெயர் அரைக்கிளட்ச். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய லைசென்ஸில் பத்திரமாகத் தூங்குகிறது, யாரும் எழுப்புவதில்லை. அண்ணி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "அரைக் கிளட்ச்! அரைக் கிளட்ச்!" என்று அவர் போடுகிற சத்தத்தில், அந்த வண்டியைக் கண்டால் தெருநாய்கூட ஒரு காலைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும்.

ஆள் பார்த்துப் பேசுகிற பழக்கம் அவரிடம் கிடையாது. ரிட்டயர் ஆன பேங்க் ஆபீசர் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு கற்றுக்கொள்ள வந்தார். முதல் நாளே அவருக்குக் கிடைத்த ஆசீர்வாதம், "சார், கண்ணாடியப் பாக்கச் சொன்னது பின்னாடி வர்ற லாரியப் பாக்க. உங்க மூஞ்சியப் பாக்க இல்ல." கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவுக்கு, "கியர் போடச் சொன்னேன், வண்டிக்குப் பல்லுப் புடுங்கச் சொல்லல." திட்டு வாங்கியவர்கள் மறுநாள் வராமல் போனதாக ஒரு சரித்திரம் இல்லை. வந்தார்கள், கற்றார்கள், லைசென்ஸ் வாங்கினார்கள். ஊரில் பாதிப்பேர் அண்ணியின் கையால் குட்டுப்பட்டவர்கள்தான்.

அண்ணியின் வேதம் இரண்டே வாக்கியம். ஒன்று, "புடிச்ச புடிய விடாதே. விட்டா வண்டி உன்ன ஓட்டும்." இரண்டாவது, வண்டியை ஓரம் கட்டுவதற்கு: "நடைபாதைக் கல்லுல டயர் முட்டற வரைக்கும் வா. முட்டினா நிறுத்து." உலகத்தில் வேறு யாரும் இப்படிச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். கண்ணால் அளந்து நிறுத்துவது பெரிய ஆட்களின் வேலை, கற்றுக்கொள்கிறவனுக்குக் கல்தான் குரு என்பது அண்ணியின் கட்சி. ஒரு நாளைக்கு எத்தனை பேர் கற்றுக்கொண்டார்களோ அத்தனை பேரும் அந்த இடது டயரைக் கொண்டுபோய்க் கல்லில் முட்டினார்கள். டயருக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்.

ஸ்கூல் என்பது தையல்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. இரும்புப் படிக்கட்டில் ஏறினால் சுவர் முழுக்கப் போக்குவரத்துச் சின்னங்கள், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, மேஜையில் ஆணியடித்த ஒரு மொட்டை ஸ்டியரிங். கீழே ஒரு சின்ன வெள்ளைக் கார். அதில் அண்ணியின் பக்கம் தனியாக ஒரு பிரேக். பின் சீட்டில் என் அண்ணன். அவர்தான் மேனேஜர், அதாவது டீ வாங்கி வருவார். டிரைவிங் ஸ்கூல்காரியின் புருஷனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை அண்ணி சொல்லிக்கொடுத்தார். அண்ணன் நேராகக் கொண்டுபோய் ஒரு காய்கறி வண்டிக்குள் விட்டார். அன்றைக்குப் பின் சீட்டுக்குப் போனவர் பதினைந்து வருடமாக அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு குடியிருக்கிறார்.

நான் இரண்டு தெரு தள்ளி, கோணிய சக்கரங்களை நேராக்குகிற வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். டயரும் விற்கிறேன். இதுதான் என் குற்றம். "அவன்கிட்ட காய்ச்சல்னு போனாக்கூட டயர மாத்தச் சொல்வான்" என்று அண்ணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். காற்றடிக்க மட்டும் வருவார். வந்தால் என் தலைக்கு மேலேயே நிற்பார்.

"தம்பி, காத்த மட்டும் அடி. கண்ணால எதையும் பாக்காதே."

"அண்ணி, டயர் நாலும் வழுக்கையாயிடுச்சு."

"உங்கண்ணன் தலையும்தான் வழுக்கை. மாத்திட்டேனா?"

பின் சீட்டில் அண்ணன் கண்ணைத் திறக்காமலே தலையைத் தடவிக்கொள்வார். நான் காற்றை அடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போவேன்.

இப்படியே போயிருக்கும். லைசென்ஸ் ஆபீஸ் புதுச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை அந்தந்த ஸ்கூல் வண்டியிலேயே டெஸ்ட் கொடுக்கலாம். இனி ஆபீஸ் வண்டியில்தான். இரண்டு பக்கமும் ஆரஞ்சுக் கோன் வரிசை, நடுவே குறுகலாக ஒரு பாதை. நேராகப் போக வேண்டும், திரும்ப வேண்டும், பின்பக்கமாகவே வந்து சேர வேண்டும். இதெல்லாம் அண்ணியிடம் கற்ற பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்டபாடு. ஆனால் போனவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மண்ணைக் கவ்வினார்கள். அதுவும் எல்லாரும் ஒரே மாதிரி. நேர்ப்பாதையில் பாதி தூரம் போவார்கள், பிறகு வண்டி வலப்பக்கம் ஒதுங்கி வலது வரிசைக் கோன்களைச் சாய்க்கும். ஒருத்தராவது இடது பக்கம் போயிருக்கலாம். இல்லை, அத்தனை பேரும் வலது.

டெஸ்ட் எடுக்கிற ஆபீசர் எப்போதும் குடை பிடித்துக்கொண்டு நிற்பவர். கெட்ட மனிதர் இல்லை, சட்டப்படி நடக்கிற மனிதர். அவர் அண்ணியைத் தனியே கூப்பிட்டு, "அடுத்த தடவையும் இப்படி ஒருத்தரும் தேறலைன்னா ஸ்கூலோட அனுமதிய ரத்து பண்ணிடுவாங்கம்மா. என் கையில எதுவும் இல்ல" என்று சொல்லியிருக்கிறார்.

அன்று மத்தியானம் அண்ணி கடைக்கு வந்தார். டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். கொடுத்த டீயைக் குடித்தார். என்னைத் திட்டவில்லை. சர்க்கரை அதிகம் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த ஸ்கூலை எடுத்துவிட்டால் அண்ணியிடம் மிச்சம் என்ன? வாய் மட்டும்தான். அதைக் கேட்க என் அண்ணன் ஒருவர் போதாது.

"ஆபீஸ் வண்டிலதான் கோளாறு தம்பி" என்றார் கடைசியில். "வலப்பக்கம் இழுக்குது. இல்லேன்னா அத்தன பேரும் எப்படி ஒரே பக்கம் போவாங்க? நீ செக் பண்ணிச் சொல்லு. அந்தக் குடைக்காரர் ஒத்துக்கிட்டாரு. கோளாறுன்னு தெரிஞ்சா எல்லாருக்கும் மறுபடியும் டெஸ்ட் வெப்பாராம்."

சொன்னபடி மறுநாள் ஆபீசரே வண்டியைக் கொண்டுவந்தார். என் கடையில் வண்டியை ஓட்டிப் பார்த்துச் சொல்கிற ஆள் ஒருவர் உண்டு. என்னைவிட மூத்தவர். முகத்தில் பாதி மீசைதான் என்பதால் பெயரும் அதுதான். மீசை ஒரு சுற்றுப் போய்வந்து இறங்கினார். "வலப்பக்கம் இழுக்குதுங்க."

அண்ணி கைதட்டியே விட்டார். "கேட்டுக்கோங்க சார்! நான் சொன்னேன்ல?"

வண்டியை மெஷினில் ஏற்றினேன். நான்கு சக்கரத்துக்கும் பச்சை. ஒரு முடி அளவு கோணல் இல்லை. நானே ஓட்டிப் பார்த்தேன். கையை விட்டாலும் நூல் பிடித்த மாதிரி போனது. ஆபீசர் ஓட்டிப் பார்த்தார், அதே கதை. அண்ணி சும்மா விடுவாரா? "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா? மீசைக்கு என்ன, பைத்தியமா?" என்று ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இந்த மீசை பல மாதமாக எந்த வண்டியை ஓட்டிவிட்டு வந்தாலும் "வலப்பக்கம் இழுக்குதுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் வண்டி வலப்பக்கம், பால் வேன் வலப்பக்கம். கஸ்டமர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை, மீசை மட்டும் சொன்னார். நான் என் மெஷினைத்தான் சந்தேகப்பட்டேன். கம்பெனி ஆளை இரண்டு முறை வரவழைத்துச் சரிபார்க்க வைத்து, அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"மீசை, நீங்க வண்டி ஓட்ட எங்க கத்துக்கிட்டீங்க?"

"நம்ம அக்காகிட்டதாங்க. போன வருஷம்" என்று அண்ணியைக் காட்டினார்.

எல்லாரும் திரும்பித் தெருவில் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தோம். ஆபீசர் குடையை மடக்கினார். அவர் குடையை மடக்கி அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணி, சாவியக் குடுங்க."

"என் வண்டிக்கு என்ன? நான் தினம் ஓட்டறேன். நேரா போகுது."

"போனா நல்லதுதானே? குடுங்க."

சாவியை நீட்டியவர் பாதியில் கையை இழுத்துக்கொண்டார். "ஒரு கண்டிஷன். டயர் பேச்ச எடுக்கக் கூடாது. எடுத்தே, அந்த நிமிஷமே வண்டிய எடுத்துட்டுப் போயிடுவேன்."

எங்கள் தொழிலில் முதலில் பார்க்க வேண்டியதே டயர். மற்றதெல்லாம் அப்புறம். அது தெரிந்தும், "சத்தியமா எடுக்க மாட்டேன்" என்று தலையில் அடித்துச் சொன்னேன். அண்ணியிடம் சாவி வாங்குவது என்ன சாமானியமா?

மூன்று பேரும் ஏறினோம். நான் ஓட்ட, அண்ணி பக்கத்தில், அண்ணன் அவருடைய நிரந்தர முகவரியில். தெருவின் நேர்ப்பகுதியில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன். வண்டி கயிறு அறுந்த கழுதை மாதிரி இடப்பக்க ஓரத்துக்குப் போயிற்று.

"ரோடு சரிவு" என்றார் அண்ணி. "மழைத்தண்ணி ஓடறதுக்கு ஓரமா சாய்ச்சுப் போட்டிருக்காங்க. இதுகூடத் தெரியாம கடை வெச்சிருக்கே."

அது நிஜம்தான். எந்த ரோடும் ஓரத்துக்குக் கொஞ்சம் சாயும், வண்டியும் கொஞ்சம் போகும். அதனால் மூடிக்கிடந்த கிடங்கு ஒன்றின் சிமெண்ட் முற்றத்துக்குப் போனோம். அது தட்டையான இடம். அங்கேயும் இடப்பக்கம் போனது.

"இங்க எந்தத் தண்ணி ஓடுது அண்ணி?"

"காத்து அடிக்குது பாரு."

வண்டியைத் திருப்பி எதிர்த்திசையில் விட்டேன். மறுபடியும் இடப்பக்கம். "காத்தும் நம்ம கூடவே திரும்பிடுச்சா?" என்றேன். அண்ணி வெளியே வேடிக்கை பார்த்தார்.

கடைக்கு வந்து வேலையில் இறங்கினேன். வண்டிக்கு இரண்டு நோய் இருந்தது. ஒன்று இழுப்பு, இடப்பக்கமாக விடாமல். இன்னொன்று அலைச்சல். சின்னப் பள்ளத்தில் ஏறி இறங்கினாலே மூக்கை இஷ்டத்துக்குத் திருப்பும், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஆட்டினால் சக்கரம் யோசித்துவிட்டுத்தான் கேட்கும். காற்றை அளந்தேன், நாலிலும் சரி. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன், தாராளமாகச் சுற்றியது. அப்படியென்றால் பிரேக் கவ்விப் பிடிக்கவில்லை. இடது முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து உலுக்கினேன். டக் டக் என்றது. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பியின் முனைமூட்டு கிழவன் பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதை மாற்றினேன். அலைச்சல் நின்றது. பிறகு மெஷினில் ஏற்றி அலைன்மென்ட். சிவப்பெல்லாம் பச்சையானது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. "வாங்க அண்ணி, இப்ப பாருங்க" என்று முற்றத்துக்கு அழைத்துப்போனேன்.

வண்டி ஒரு அசைவு இல்லாமல், அலையாமல், கம்பீரமாக, இடப்பக்கம் போனது.

அண்ணிக்கு அன்றைக்கு முதல்முறையாக முகத்தில் ரத்தம் ஊறியது. "பச்சை எரியுது, வண்டி பள்ளத்தப் பாத்துப் போகுது. உன் மெஷினும் உன்ன மாதிரிதான் தம்பி. வாய் மட்டும் இருக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் மீதி. எங்கள் கடைக்கு வருகிற எந்தத் தேய்ந்த டயர் வண்டியையும் டயரைப் பார்க்காமல் நான் மெஷினில் ஏற்றியதில்லை. சாவி கிடைத்தால் போதுமென்று ஒரு சத்தியத்தைச் செய்துவிட்டு, நோயாளியின் ஒரு காலைத் துணியால் மூடிவைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தட்டிப் பார்த்திருக்கிறேன். அங்கேயே வண்டியை நிறுத்தி, ஜாக்கியை எடுத்து, முன் சக்கரம் இரண்டையும் கழற்றினேன்.

"என்ன பண்றே? டயர் பேச்சு எடுக்கக் கூடாதுன்னேன்."

"எங்க அண்ணி பேசினேன்? வாயத் தெறந்தேனா? இங்க இருக்கறத அங்க போடறேன், அங்க இருக்கறத இங்க போடறேன். உங்க டயர்தான், உங்க வண்டிதான்."

இடது சக்கரத்தை வலப்பக்கமும் வலது சக்கரத்தை இடப்பக்கமும் மாட்டிவிட்டு ஓட்டினேன். கையை எடுத்தேன். வண்டி வலப்பக்கம் போனது.

அண்ணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது. "ஏன், வழக்கமா இடப்பக்கம்தானே போவோம்?"

அண்ணி மெதுவாகத் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

"நீ தலை முடிய ஒதுக்கக் கைய எடுக்கறப்பல்லாம் இடப்பக்கம் போகும். அதான் நான் கண்ண மூடிக்குவேன்."

"எத்தன நாளா?"

"அது இருக்கும், ரெண்டு மூணு வருஷமா."

"சொல்றதுக்கென்ன?"

"எங்க சொல்ல விட்டே?" என்றார் அண்ணன், நியாயமாக.

கோளாறு வண்டியில் இருந்தால், சக்கரத்தை எங்கே மாற்றினாலும் வண்டி பழைய பக்கம்தான் போக வேண்டும். டயர் போன பக்கம் இழுப்பும் போனதென்றால் திருடன் டயர்தான். இதை அண்ணிக்கு நான் விளக்கவே இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. இடப்பக்கமிருந்து மாற்றிய சக்கரத்தைக் கழற்றிப் படுக்கவைத்து, அவர் கையைப் பிடித்து டயரின் மேல் சுற்றித் தடவ வைத்தேன். கண்ணுக்கு நான்கும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தன. கைக்கு மட்டும் ஓரிடத்தில் புடைப்பாகத் தெரிந்தது. உள்ளே இருக்கிற கம்பிப் பட்டை இடம் நழுவியிருந்தது.

"எப்படி இப்படி ஆகும்?" என்றார்.

"தினம் கல்லுல முட்டினா என்ன ஆகும் அண்ணி?"

அவர் கையை எடுக்கவில்லை. புடைப்பின் மேலேயே வைத்திருந்தார். "மாத்து" என்றார். "நாலையும் மாத்து. பேசாதே."

நான் பேசவில்லை. பேசியிருந்தால் ஜென்மத்துக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

புது டயர் போட்டு, மறுபடியும் மெஷினில் ஏற்றி, முற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன். நேராக என்றால் அப்படி ஒரு நேர். அண்ணி சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். கடை வாசலில் நான் ஒரு போர்டு வைத்திருந்தேன். "நேராகப் போக வேண்டுமா? இங்கே வாருங்கள்." அண்ணி அழகாக அரைக் கிளட்ச் விட்டு வண்டியை எடுத்தார். வண்டி நிதானமாக வலப்பக்கம் ஒதுங்கி, அந்த போர்டை அடியோடு சாய்த்து, அதன்மேல் ஏறி நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அண்ணி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது.

"வண்டி சரியாயிடுச்சா தம்பி?"

"ஆயிடுச்சு அண்ணி."

"அப்ப கோணல் நான்தானா?"

மூன்று வருடமாக இடப்பக்கம் இழுத்த வண்டியை வலப்பக்கம் இழுத்து இழுத்து, தெரியாமலே கைக்குப் பழகிவிட்டது. வண்டி திருந்திவிட்டது, கை திருந்தவில்லை. அண்ணி அழுதார். சத்தமில்லாமல் இல்லை, நன்றாகச் சத்தம் போட்டே அழுதார். "நம்பி வந்தாங்களே எல்லாரும்! ஒவ்வொருத்தர் கையிலயும் இந்தக் கோணல ஏத்தி விட்டுட்டேனே! புடி புடின்னு நான்தானே கத்தினேன்!" அண்ணன் பின் சீட்டிலிருந்து கையை நீட்டி அவர் தோளில் வைத்தார். மீசை போர்டைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். நான்தான் வேண்டாமென்று சைகை காட்டினேன்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போன டெஸ்டில் தோற்ற ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். மன்னிப்புக் கேட்கிற குரலிலா? அவரா? "நாளைக்குக் காலையில கிடங்கு முற்றத்துக்கு வந்து சேரு. கோட்டு வேண்டாம்" என்ற குரலில்தான்.

வேதம் மாறியது. கல்லில் முட்டுவது ரத்து. ஸ்டியரிங்கை இரண்டு விரலால் தொட வேண்டும், அவ்வளவுதான். "வண்டி எங்க போகுதுன்னு முதல்ல வண்டியக் கேளு. அப்புறம் நீ சொல்லு. விட்டுப் புடி, விட்டுப் புடி!" என்று முற்றம் அதிர்ந்தது. அவர்கள் கற்றுக்கொண்டது கொஞ்ச மாதம்தான், அதனால் மறப்பதும் சீக்கிரம் நடந்தது. ஒரு வாரத்தில் தையல்கார அம்மா தையல் போட்ட மாதிரி நேராக ஓட்டினார். மீசையும் வந்து வரிசையில் நின்றார். அதன்பின் என் கடையில் எந்த வண்டியும் வலப்பக்கம் இழுக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பாடம் முடிந்தால் வண்டியை ஸ்கூலுக்குத் திரும்ப ஓட்டிவருவது யாராவது ஒரு மாணவர். அங்கிருந்து வீட்டுக்கு அண்ணி நடந்தே போனார். போர்டில் ஏற்றிய நாளுக்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர், தன் கைக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கப் பயந்தார். எனக்குத் தெரிந்தது. கேட்க எனக்கும் பயம்.

டெஸ்ட் நாள் வந்தது. கடையைச் சாத்திவிட்டு நானும் மீசையும் போனோம். அண்ணன் முன்னாலேயே வந்திருந்தார். அண்ணியின் பிள்ளைகள் மரத்தடியில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். போன முறை பட்ட அவமானம் ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது.

"யாரு முதல்ல?" என்று ஆபீசர் கேட்டார்.

தையல்கார அம்மா பேங்க் ஆபீசரைப் பார்த்தார், பேங்க் ஆபீசர் செருப்பைப் பார்த்தார்.

"யாரும் வரலைன்னா வராததும் தோத்த கணக்குதான்மா" என்றார் ஆபீசர், அண்ணியிடம்.

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகினார். "என்னமோ தூக்குமேடைக்குக் கூப்பிட்ட மாதிரி நிக்கறீங்க? இதுல என்ன இருக்கு? நான் போறேன், பாத்துக்கோங்க. சார், நான் ஒரு ஓட்டம் ஓட்டிக் காட்டலாமா?"

"ஓட்டுங்க. ஆனா கணக்குல வராது."

அண்ணி ஏறி உட்கார்ந்தார். வண்டி பூப்போல நகர்ந்தது. இரண்டு விரல்தான் வைத்திருந்தார். பாதி தூரம்வரை நேர். அப்போது ஒரு கோன் பக்கத்தில் வருவதுபோல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இறுக்கிப் புடிச்சிட்டா" என்று என் பக்கத்தில் அண்ணன் முணுமுணுத்தார்.

வண்டி வலப்பக்கம் ஒதுங்கியது. முதல் கோன் சாய்ந்தது. இரண்டாவது சாய்ந்தது. மூன்றாவது வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு கறகறவென்று இழுபட்டது.

அண்ணி இறங்கினார். குனிந்து அடியிலிருந்த கோனை இழுத்தார், வரவில்லை, காலால் வண்டியை உதைத்துக்கொண்டு இழுத்தார், வந்தது. மூன்றையும் தன் கையாலேயே திரும்ப அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, மரத்தடியில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்கல்ல? இறுக்கிப் புடிச்சா இப்படித்தான் ஆகும். அறிவுகெட்டவ மாதிரி ஓட்டாம ஒழுங்கா ஓட்டுங்க."

முதலில் சிரித்தது தையல்கார அம்மா. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கோட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் அண்ணியும் சிரித்துவிட்டார். சிரிக்கிறவனால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. தையல்கார அம்மா சிரித்த முகத்தோடே ஏறி, ஒரு கோனும் அசையாமல் போய்வந்தார். அடுத்தடுத்து எல்லாரும் போனார்கள், எல்லாரும் தேறினார்கள். பேங்க் ஆபீசர் மட்டும் ரிவர்ஸில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தோற்றார்.

ஆபீசர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "உங்க ஸ்கூலுக்கு இனி ஒண்ணும் ஆபத்தில்லம்மா. ஆனா டீச்சர்..."

"தெரியும் சார். ஃபெயில்" என்றார் அண்ணி.

மறுநாள் காலை கடை திறக்கப் போகும்போது, கிடங்கு முற்றத்தில் வெள்ளைக் கார் நின்றிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். ஓட்டுகிற இடத்தில் அண்ணி. டீச்சர் சீட்டில், பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, என் அண்ணன். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன.

"அண்ணே, உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியாதே?"

"ஓட்டத் தெரியாது. சொல்லத் தெரியும். பதினஞ்சு வருஷமா கேட்டுட்டு இருக்கேன்."

"கத்தினீங்கன்னா இறங்கி நடந்துடுவேன்" என்றார் அண்ணி.

வண்டி கிளம்பியது. நான் ஓரமாக நின்று பார்த்தேன். முற்றத்தின் நடுவில் அண்ணியின் தோள் தூக்கிக்கொள்வது பின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அண்ணன் பிரேக்கை மிதிப்பார் என்று நினைத்தேன். மிதிக்கவில்லை. திறந்த ஜன்னல் வழியாக அவர் குரல் மட்டும் கேட்டது.

"விட்டுப் புடிம்மா."

தோள் இறங்கியது. வண்டி நேராகப் போனது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, எதிர்ச்சுவர் வரைக்கும் நேராகவே போனது. அண்ணி சுவரைப் பார்க்கவில்லை, தன் இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக்கை அண்ணன்தான் போட்டார்.